நீலகிரி கிராமக் கிறிஸ்தவச் சபையின் வரலாறும் ஆதிக் குடும்பங்களும்: பதிவேட்டிலிருந்து அச்சு வரை ஒரு முழு வழிகாட்டி

சபைக்கு எழுபத்தைந்தோ நூறோ ஆண்டு நிறையும்போது வழக்கமாக நடப்பது இது. நினைவு மலர் போடும் குழு கூடும். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவில் ஓர் அறிவிப்பு: "ஆதிக் குடும்பத்தார் தங்கள் குடும்ப விவரங்களைச் செயலாளரிடம் கொடுக்கவும்." சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வந்து சேரும் தாள்களில் பாதிக்கு மேல் "எங்கள் தாத்தாதான் இந்தச் சபையின் முதல் அங்கத்தினர்" என்று இருக்கும். குழு யாரையும் பகைக்க முடியாமல் எல்லாவற்றையும் அப்படியே அச்சிடும். இல்லாவிட்டால் மலரே நின்றுபோகும்.

இங்கே சொல்லும் வரிசை அதற்கு நேர் எதிர். ஆதிக் குடும்பங்களின் பட்டியல் கடைசி வேலை. பதிவேடு, கல்லறை, நிலப் பத்திரம், பெரியவர்களின் நினைவு என எல்லாம் கைக்கு வந்தபின் பட்டியல் தானாக உருவாகும். நீலகிரிக்காக எழுதியது இது. பழனி மலைக்காரர்களுக்கு மிஷனும் ஆவணக் காப்பகமும்தான் மாறும், வரிசை மாறாது.

1. தொடங்குமுன்

முதலில் சபைக் கமிட்டியில் தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றுங்கள். ஆயரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. வேலை நடக்கும்போதே ஆயர் மாற்றலாகிப் போவார். புதிதாக வருபவருக்கு நீங்கள் யார், பீரோச் சாவி உங்களிடம் ஏன் என்று தெரிந்திருக்காது.

பதிவேடு எக்காரணத்தாலும் கோயிலை விட்டு வெளியே போகக் கூடாது. ஞானஸ்நானச் சான்றும் திருமணச் சான்றும் இன்றும் அதிலிருந்துதான் எழுதப்படுகின்றன. "வீட்டில் வைத்து நிதானமாகப் பார்க்கிறேன்" என்று எடுத்துப்போன புத்தகம் எத்தனை சபைகளில் திரும்பி வராமல் போயிருக்கிறது என்று மூத்த செயலாளர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்று பேர் போதும். பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர், செல்போனில் நிதானமாகப் படமெடுக்கும் இளைஞர் ஒருவர், எந்தப் பெரிய குடும்பத்தையும் சேராத ஒருவர். மூன்றாமவரை விட்டுவிடாதீர்கள். பின்னால் பட்டியல் போடும்போது அவர் சொல்வதுதான் எடுபடும்.

காலம்: ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவமழை கூடலூர், உதகைப் பக்கத்தை நனைக்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூரும் கோத்தகிரியும் நனையும். மழை மாதத்தில் பழைய தாள் ஈரம் இழுத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். பிரித்தால் கிழியும்.

2. எந்த மிஷன் விதைத்த சபை?

பெயர்ப்பலகையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒன்றாயின. மலையில் இருக்கும் பழைய சபைகளில் பெரும்பாலானவை இன்று அந்தத் திருச்சபையின் கோயமுத்தூர் திருமண்டலத்தில் (மறைமாவட்டத்தில்) இருக்கின்றன. ஆனால் 1947-க்கு முந்திய காகிதங்கள் அந்தந்த மிஷனோடு வெவ்வேறு ஊருக்குப் போய்விட்டன. மிஷன் தெரியாமல் தேடுவது வீண் அலைச்சல்.

கேத்தி, கோத்தகிரிப் பக்கத்துப் படகர் சபை என்றால் பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன். கேத்தியில் 1846-லும் கோத்தகிரியில் 1867-லும் அவர்கள் நிலையம் அமைத்தார்கள். உதகை, குன்னூர், வெலிங்டன் நகரச் சபைகள் பலவற்றின் வேர் ஆங்கிலிக்கன் சாப்ளின்களிடமும் (ஆங்கிலேயருக்காக இருந்த குருமார்) சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனிடமும் இருக்கிறது. தோடர் கிறிஸ்தவர்களின் தொடக்கம் கேத்தரின் லிங் என்ற ஆங்கிலிக்கன் பெண் மிஷனரியின் வேலையில். முதல் தோடர் ஞானஸ்நானம் 1904-ல்தான் நடந்தது. தேயிலைத் தோட்டச் சபைகளுக்கு மிஷன் என்று ஒன்று இல்லாமலும் இருக்கலாம். தொழிலாளர் லைன் வீட்டில் கூடிய நாலைந்து குடும்பமும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலைக்கு வந்த, சபைக்குப் போதிக்கும் ஓர் உபதேசியாருமே தொடக்கமாக இருப்பார்கள்.

இன்னொரு வகையை மலர் எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்: தாயகம் திரும்பியோர் சபைகள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள் கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பக்கம் தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டங்களில் குடியேறினார்கள். இவர்கள் இங்கே வந்து கிறிஸ்தவர்களானவர்கள் அல்லர். பலருடைய பாட்டன், பூட்டன் பெயர்கள் இலங்கைச் சபைப் பதிவேடுகளில் இருக்கும். அங்கே தோட்டத் தமிழரிடையே சி.எம்.எஸ். வேலை 1854-லேயே தொடங்கிவிட்டது. இந்தச் சபையில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆதிக் குடும்பத்தைத் தேடினால் பேரன் பேத்திகள்தான் கிடைப்பார்கள். தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, பாஸ்போர்ட், இலங்கைத் தோட்டத்து ஆயர் கொடுத்தனுப்பிய கடிதம் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

மிஷன் தெரியாவிட்டால் பதிவேட்டின் அச்சடித்த தலைப்பைப் பாருங்கள். திருவிருந்துப் பாத்திரத்தின் அடிப்பக்கம், பழைய ஜெபப் புத்தகத்தின் முதல் தாள், மணியில் வார்த்த எழுத்து ஆகியவையும் சொல்லும்.

3. வாசிக்குமுன் படமெடுங்கள்

புதிதாக வருகிறவர் புத்தகத்தைத் திறந்ததும் தன் தாத்தாவைத் தேடத் தொடங்கிவிடுவார். தடுத்துவிடுங்கள். ஒவ்வொரு புரட்டலிலும் பழைய தாள் ஓரம் உதிரும். முழுப் புத்தகத்தையும் ஒருமுறை படமெடுத்துவிட்டால் அப்புறம் எத்தனை பேரும் திரையில் தேடிக்கொள்ளலாம்.

ஜன்னல் ஓரம் மேசை, மேலே வெள்ளைத் துணி, செல்போனுக்கு ஒரு ஸ்டாண்டு. ஃபிளாஷ் வேண்டாம், மங்கிய மசி ஃபிளாஷில் இன்னும் மறையும். அட்டை, முதுகு, வெற்றுப் பக்கம் எல்லாவற்றையும் எடுங்கள். கடைசி வெற்றுப் பக்கத்தில்தான் யாரோ ஓர் உபதேசியார் "மணி வாங்கிய வகையில் பாக்கி" என்று குறித்துவைத்திருப்பார். கோப்புக்குப் பெயர்: பதிவேட்டின் வகை, தொடங்கும் ஆண்டு, பக்க எண். செல்போன் தானாகக் கொடுக்கும் எண்ணோடு விட்டால் ஆறு மாதம் கழித்து எது எந்தப் புத்தகம் என்று யாருக்கும் தெரியாது.

பூஞ்சணம் பிடித்த புத்தகத்தை வெயிலில் காயப்போடாதீர்கள். தாள் சுருண்டு மசி வெளுக்கும். காற்றோட்டமான நிழலில் விரித்து வைத்து, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் பூஞ்சணத்தையும் ராமபாணப் பூச்சியின் எச்சத்தையும் தட்டிவிடுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. டேப்பின் பசை சில ஆண்டில் பழுப்பாகி எழுத்தையே தின்றுவிடும். லேமினேஷனைத் திரும்பப் பிரிக்க முடியாது.

4. பதிவேட்டை வாசிப்பது

இங்கே அவசரம் உதவாது. 1978-க்கு முந்திய எழுத்துவடிவம் என்பதால் ணை, லை, னை, றா, னா ஆகியவை வேறாக இருக்கும்; அது இரண்டு பக்கத்தில் பழகிவிடும். உண்மையான தொல்லை புள்ளி. அவசரக் கையெழுத்தில் புள்ளி விடுபடும். துணைக்காலும் ர-வும் ஒரே கோடாகத் தெரியும். அருளப்பா என்றாலும் அருளப்பர் என்றாலும் தாளில் ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகமான பெயரை உடனே திருத்தி எழுதாமல், கண்ணுக்குத் தெரிவதை அப்படியே பெயர்த்து எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி இடுங்கள். அதே ஆளின் கையெழுத்தில் வேறு இடத்தில் அந்தப் பெயர் தெளிவாக வரும்.

குறிகள் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ ஆண்டு. ௸ என்றால் மேற்படி. ஒரு பத்தி முழுக்க ௸ இறங்கிக்கொண்டே போகும். எந்த வரியின் ஊரை அது திருப்பிச் சொல்கிறது என்று மேலே ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எண்களும் தமிழில் இருக்கலாம்: ௧ க போலவும், ௫ ரு போலவும், ௮ அ போலவும், ௰ ய போலவும் தோன்றும். ௲௮௱௯௰௫ என்றால் 1895. சந்தா புத்தகத்தில் ௫ என்பதை "ரூ" என்று வாசித்துவிட்டுத் தொகையைக் காணோம் என்று தேடுகிறவர்கள் உண்டு. தொகையே அதுதான்: ஐந்து.

பாசல் மிஷன் சபையென்றால் தமிழை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் படகரிடையே தொடக்கத்தில் கன்னடத்தில்தான் போதித்தார்கள்; தங்களுக்குள் ஜெர்மனில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பழைய ஜெர்மன் கையெழுத்தை இன்றைய ஜெர்மானியரே பழகித்தான் வாசிக்க வேண்டும். உங்களால் முடியாததை ஊகிக்காமல் படமெடுத்துத் தனியே வைத்து, வாசிக்கத் தெரிந்தவருக்கு அனுப்புங்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தை ஞானஸ்நானத்தையும் வயதுவந்தோர் ஞானஸ்நானத்தையும் முதலில் பிரியுங்கள். வயதுவந்தவர் என்றால் பூர்வ பெயர் எழுதியிருக்கலாம். ஒரு வீடு கிறிஸ்தவத்துக்குள் வந்த இடம் அதுதான். குழந்தை ஞானஸ்நானமே முதலில் வந்தால் அந்தக் குடும்பம் வேறெங்கோ ஏற்கெனவே சபையில் இருந்து இங்கே வந்தது என்று பொருள். திருநெல்வேலிச் சீமையின் நாசரேத், மெஞ்ஞானபுரம் போன்ற ஊர்ப் பெயர் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள்.

சாட்சிகளையும் ஞானப் பெற்றோரையும் விடாமல் எழுதுங்கள். பெயர்களைவிட அதிகம் சொல்வது இந்தப் பத்திதான். தொடக்க ஆண்டுகளில் பல குழந்தைகளுக்கு ஒரே அம்மாள் ஞானத்தாயாக நின்றிருந்தால், அவர் அந்தச் சபையில் யார் என்று கேட்க வேண்டியதில்லை. திருமணப் பதிவேட்டில் "இன்னார் மனைவி" என்று மறைந்துபோகும் பெண்கள் தம் சொந்தப் பெயரோடு வரும் இடமும் இதுவே.

ஊர்ப் பெயர்களுக்கு ஒரு தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலக் காகிதத்தில் ஜாக்கடல்லா என்று வருவது ஜக்கதளாவின் பெயர். வெலிங்டன் ராணுவக் குடியிருப்பையும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொன்னார்கள். தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, தொழிலாளர் கூப்பிடும் பெயர் ஒன்று. மாவட்ட எல்லையும் மாறியிருக்கிறது. 1868-ல்தான் நீலகிரி கோயமுத்தூரிலிருந்து பிரிந்து தனி கமிஷனரிடம் வந்தது. கூடலூர் பக்கத்துத் தென்கிழக்கு வயநாடு 1877-ல் சேர்ந்தது. அதற்கு முந்திய கூடலூர்க் காகிதத்தை மலபார் கணக்கில் தேட வேண்டும்.

5. வீட்டுக்கு ஒரு தாள்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; இனிஷியல்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் வழக்கம். அதனால் ஒரே பதிவேட்டில் மூன்று ஞானமுத்து வருவார்கள். பெயரை மட்டும் வைத்து இணைத்தால் பேரன் தாத்தாவாகிவிடுவார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் போட்டு, ஒருவரை இன்னொருவரோடு இணைக்குமுன் பெயர் தவிர இன்னும் இரண்டு பொருத்தங்களாவது பாருங்கள்: அப்பா பெயர், மனைவி பெயர், ஊர் அல்லது ஹட்டி (படகர் சிற்றூர்), தொழில். இரண்டு கிடைக்காவிட்டால் புள்ளிக்கோடு, கிடைத்தால் முழுக்கோடு. பென்சிலால்தான் எழுத வேண்டும். கணினியில் குடும்ப மரம் போடும் செயலிகளை இந்தக் கட்டத்தில் நான் ஒப்புக்கொள்வதில்லை. அவை கோடு போட்டதும் ஊகம்கூட உண்மை மாதிரி தோன்றிவிடும்.

6. கல்லறைத் தோட்டம்

தனியே போகாதீர்கள், விடிந்தும் விடியாமலும், மாலை மசங்கலிலும் போகவே வேண்டாம். தேயிலைக்கு நடுவில் இருக்கும் கல்லறைகளில் காட்டுமாடும் கரடியும் சாதாரணம். உண்ணிச்செடியை வெட்ட ஒருவரை முந்தின நாளே அனுப்புங்கள்.

கல்லில் படிந்த பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தாலோ ஆசிட் ஊற்றினாலோ எழுத்தும் சேர்ந்து போய்விடும். தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். எழுத்து தெரியாவிட்டால் டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். வெட்டின் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். சாக்பீஸ் பூசாதீர்கள்.

கல் வைத்த குடும்பம் வசதியான குடும்பம், அவ்வளவுதான். மண்மேடும் மரச்சிலுவையுமாக இருந்து மறைந்தவர்களே அதிகம். அதனால் அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் கல்லறையிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

7. நிலம் யாருடையது?

"எங்கள் தாத்தா கோயிலுக்கு இடம் கொடுத்தார்" என்ற பேச்சு எல்லாச் சபையிலும் உண்டு. பத்திரத்தைப் பாருங்கள். மூலப் பத்திரம் திருமண்டல அலுவலகத்தில் இருக்கலாம். இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடுங்கள். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குக் கையால் தேடச் சொல்ல வேண்டும். தானமா, கிரயமா, குத்தகையா என்பது அதில் ஒரே வரியில் தெரிந்துவிடும்.

தோட்டச் சபைக்குப் பத்திரமே இருக்காது. நிலம் கம்பெனியுடையது, துரை அனுமதி தந்த கடிதம் ஒன்றுதான் இருக்கும், அதுவும் எஸ்டேட் ஆபீஸ் கோப்பில். கூடலூரில் ஜென்மம் என்ற பரம்பரை நில உரிமையை ஒழித்த 1969 சட்டத்தின் 17ஆம் பிரிவு வழக்குகளால் பட்டா இல்லாத இடங்கள் இன்னும் ஏராளம். அங்கே நிலத்தைப் பற்றி மலரில் எதையும் அச்சிடுமுன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

8. பெரியவர்களிடம் பேசுவது

உடம்புக்கு முடியாத பெரியவர் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவரிடம் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். மற்றவர்களிடம் பதிவேட்டு வேலை முடிந்தபின் போவதே நல்லது. கையில் பெயர்ப் பட்டியலும் பழைய போட்டோவும் இருந்தால் பேச்சுக்குப் பிடி கிடைக்கும்.

"சபையை ஆரம்பித்தது யார்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பதில் தயாராக இருக்கும். இப்படிக் கேளுங்கள்: "பாட்டி, நீங்க கல்யாணமாகி வந்தப்ப கோயில் மணி யார் அடிச்சாங்க?" "அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் கூறினது யாருங்க?" "மழைக்குக் கூரை ஒழுகுனா யார் வீட்டுல கூடுனீங்க?" கேள்விக்குப் பதிலாகப் பெயர் வரும்; பெயரோடு வேலையும் வரும். வேறு ஊரிலிருந்து மருமகளாக வந்தவர்களைக் கட்டாயம் கேளுங்கள். குடும்பப் பெருமையில் அவர்களுக்குப் பங்கு குறைவு என்பதால் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

படகர் வீட்டில் அவர்கள் மொழியான படகு பேசத் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். தமிழில் கேட்டால் தமிழில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

9. மலைக்கு வெளியே இருக்கும் காகிதங்கள்

பாசல் மிஷன் காப்பகம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கிறது. அதன் பழைய போட்டோக்களை இணையத்திலேயே பார்க்கலாம். கேத்தி, கோத்தகிரி என்று தேடுங்கள். மங்களூரின் கர்நாடக இறையியல் கல்லூரியிலும் பாசல் காகிதங்கள் உண்டு. சி.எம்.எஸ். ஆவணங்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக் காப்பகம் தென்னிந்தியச் சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நல்ல இடம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்க நகல்கள் உள்ளன. ஆனால் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே. அரசுத் தரப்புக் கோப்புக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம்.

கொடைக்கானல்காரர்களுக்கு அமெரிக்க மதுரை மிஷன். 1845-ல் அங்கே முதல் வீடுகளைக் கட்டியவர்கள் அவர்கள். அந்த மிஷனின் தாய்ச் சங்கத்துக் காகிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன.

எழுதிக் கேட்கும்போது ஆண்டும் ஊரும் சொல்லிக் குறிப்பாகக் கேளுங்கள். "எங்கள் சபை வரலாறு அனுப்பவும்" என்றால் யாரும் அனுப்ப மாட்டார்கள்.

10. எந்த ஆண்டு, எந்தக் குடும்பங்கள்

ஒரு கோயிலுக்குத் தொடக்கம் பல உண்டு. உதகை புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829 ஏப்ரலில் மூலைக்கல் வைத்தார்கள். 1830 நவம்பரில் பிரதிஷ்டை. ஆராதனைக்குத் திறந்தது 1831 ஏப்ரலில். மூன்றும் சரியான ஆண்டுகளே. கேத்தியில் இடைவெளி இன்னும் பெரிது. நிலையம் 1846-ல் வந்தது, முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-ல். மிஷன் வந்த ஆண்டைச் சபை பிறந்த ஆண்டாக எழுதினால் பன்னிரண்டு வருடம் ஆளில்லாச் சபையை எழுதியதாகும். எந்த ஆண்டைக் கொண்டாடினாலும், அது எதன் ஆண்டு என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பட்டியலுக்கும் அப்படித்தான். "ஆதிக் குடும்பம்" என்று ஒரே தலைப்பு வைத்தால் சண்டை நிச்சயம். முதல் பத்தாண்டுப் பதிவேட்டில் வருகிறவர்கள், கோயில் கட்டச் சந்தா கொடுத்தவர்கள், நிலம் தந்தவர்கள், உபதேசியாராகவும் ஆசிரியராகவும் வந்தவர்கள் என்று தலைப்பைப் பிரியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆதாரம்: எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம். வாய்மொழி மட்டும்தான் என்றால் "குடும்பத்தார் கூற்று" என்று எழுதுங்கள். வாரிசு இல்லாமல் போன குடும்பங்களையும் தவறாமல் சேருங்கள். தாள் கொடுக்க ஆளில்லாததால் வழக்கமான மலர்களில் அவர்கள்தான் விடுபடுகிறார்கள்.

11. அச்சிடக் கூடாதவை

பழைய பதிவேடுகளில் சாதி எழுதியிருக்கும். அப்படியே அச்சிடாதீர்கள். மனம் புண்படும் என்பது ஒன்று. சான்றிதழ்ச் சிக்கல் இன்னொன்று: 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே அந்தச் சான்று கிடைக்கும். யார் எப்போது ஞானஸ்நானம் பெற்றார் என்ற உங்கள் ஒரு வரி யாரோ ஒரு பிள்ளையின் படிப்பையோ வேலையையோ தொடலாம். உயிரோடு இருப்பவர்களின் பெயரை அவர்கள் கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் போட வேண்டாம்.

சபை நீக்கம், ஒழுங்கு நடவடிக்கை, தகப்பன் பெயர் இல்லாத ஞானஸ்நானம் ஆகியவை கமிட்டி மினிட்ஸில் வரும். படத்தில் இருக்கட்டும்; மலரில் வேண்டாம்.

12. கையெழுத்துப் பிரதியிலிருந்து அச்சுக்கு

அச்சுக்குக் கொடுக்குமுன் பட்டியலைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். ஆட்சேபம் எழுத்தில், ஆதாரத்தோடு வர வேண்டும் என்று சொல்லுங்கள். பேச்சில் வரும் ஆட்சேபம் அதிகம். எழுத்தில் வருவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில்தான் உண்மையான திருத்தங்கள் இருக்கும்.

பதிவேட்டுப் படங்களின் நகல் மூன்று இடத்தில் இருக்கட்டும்: சபை பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க், திருமண்டல அலுவலகத்தில் ஒன்று, பெங்களூர்க் காப்பகத்துக்கு ஒன்று. குடும்பத் தாள்களைப் புள்ளிக்கோடுகளை அழிக்காமல் அப்படியே கோப்பில் கட்டி, மலரின் ஒரு பிரதியோடு செயலாளரிடம் ஒப்படைத்து, அவர் பெற்றுக்கொண்டதை மினிட்ஸில் எழுத வையுங்கள்.